ஆழமான அப்பிள் பை யாழ்ப்பாணத்து வெக்கையில் சரியாக வருவதற்கு

கேள்வி சுருக்கமாக இது: "யாழ்ப்பாணத்தில், மேசையில் வைக்கும் கரண்ட் அவணில், ஆழமான ட்ரேயில் அப்பிள் பை செய்தேன். மேல் மா அழகாகச் சிவந்து எழும்பி நின்றது. வெட்டினால் உள்ளே பாதி வெறுமை, கீழே சாறு தேங்கி நிற்கிறது, அடி மா களியாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சாள் அனுப்பிய அளவுப்படிதான் செய்தேன். எங்கே பிழை?"

வெறுமை, சாறு, களி மூன்றுக்கும் பெரிய காரணம் ஒன்றுதான்: அப்பிளை வேகவைக்காமல் மாவுக்குள் அடுக்கியது. அப்பிள் சதையின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு காற்று. தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். சூடு ஏறியதும் காற்று வெளியேறும், சாறு கசியும், குவியல் கீழே இறங்கும். ஆனால் மேல் மா அதற்கு முன்பே, முதல் இருபது இருபத்தைந்து நிமிடத்தில், இறுகிவிடும். கூரை அங்கேயே நிற்க, பழம் மட்டும் தாழ்ந்துபோகும். வெளியேறிய சாறு அடி மாவில் தேங்குவதால் அது வேகாது, அவியும். இரண்டு சென்ரிமீற்றர் உயரப் பையில் இதை மறைத்துவிடலாம். ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் முடியாது. ஆகவே அப்பிளை முதலில் அடுப்பில் மெதுவாகச் சூடாக்கி, சாற்றை வடித்து, நன்றாக ஆறவைத்துப் பிறகு நிரப்புங்கள். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மச்சாளின் அளவில் தவறில்லை, பழம்தான் வேறு. இங்கிலாந்தில் பைக்கு எடுப்பது பெரும்பாலும் பிராம்லி என்ற சமையல் அப்பிள். 1809 இல் நொட்டிங்காம்சயரில் உள்ள சவுத்வெல்லில் ஒரு சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த இனம் அது. கடும் புளிப்பு, வெந்தால் கூழாகக் கரைந்துவிடும். அதற்காகச் சொன்ன சீனியை நம் கடைச் சிவப்பு அப்பிளில் போட்டால் திகட்டும். கனடாவிலிருந்து வரும் ரெசிப்பிகளில் மக்கின்டோஷ் என்றிருந்தால் அதுவும் மெதுமையாகக் குழைகிற பழம். இங்கே கிடைப்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் பச்சை அப்பிள், அதாவது கிரானி ஸ்மித், பைக்கு மிக நல்லது. புளிப்பு, இறுக்கம் இரண்டும் உண்டு. ஃபூஜியும் காலாவும் இனிப்பானவை, துண்டு ஓரளவு நிற்கும். அடிப்பக்கம் ஐந்து முனையாக, நீண்டு, கருஞ்சிவப்பாக இருக்கும் ரெட் டெலிசியஸ் பார்வைக்கு மட்டும்தான். வெந்ததும் மாவாகிவிடும், புளிப்பும் இல்லை. வண்டியில் அடுக்கியிருப்பது எந்த இனம் என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது ஒரு பழத்தை மட்டும் வாங்கி, அரை விரல் தடிப்பில் ஒரு துண்டு வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் எட்டு நிமிடம் போட்டுப் பாருங்கள். கரண்டியால் தூக்கும்போது வடிவம் கலையாமல் வந்தால் எடுக்கலாம். இங்கே வரும் அப்பிள் பெரும்பாலும் குளிர்க்களஞ்சியத்தில் கிடந்து கப்பலில் வந்தவை. இங்கே கடை வெக்கையில் சில நாள் இருந்தாலே உள்ளே மாவு பிடிக்கும். காம்பைச் சுற்றி விரலால் அழுத்தினால் கல்லுப்போல் இருக்க வேண்டும், கையில் கனக்க வேண்டும்.

பச்சை பாதி, ஃபூஜி அல்லது காலா பாதி என்பது நல்ல கலவை. பச்சை கிடைக்காவிட்டால் தேசிக்காய்ப் புளியைக் கூட்டுங்கள். புளிப்பு மாங்காய் உள்ள காலத்தில் 150 கிராம் துருவிச் சேர்த்தாலும் வேலை செய்யும். அது சாற்றில் கரைந்துவிடும், மாங்காய் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கறுத்தக்கொழும்பான் போன்ற பழுத்த மாம்பழத்தை மட்டும் இதில் கலக்க வேண்டாம். சாறும் இனிப்பும் மிதமிஞ்சிப் போகும்.

அளவு: 20 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரம் உள்ள வட்டக் கேக் ட்ரேக்கு. மாவுக்கு: கோதுமை மா 320 கிராம், பட்டர் 200 கிராம், சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி (உப்புப் போட்ட பட்டரானால் ஒரு சிட்டிகை போதும்), ஐஸ் தண்ணீர் 80 முதல் 100 மில்லிலீற்றர். உள்ளே வைப்பதற்கு: அப்பிள் தோலோடு 2 கிலோ, சீனி 130 கிராம், உப்பு கால் தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி (சிவப்பு அப்பிள் மட்டும் என்றால் இரண்டரை), ஒரு தேசிக்காயின் பச்சைத் தோல் துருவியது, கறுவாத் தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, சாதிக்காய் கொஞ்சம், சோள மா ஒன்றரை மேசைக்கரண்டி, பட்டர் ஒரு மேசைக்கரண்டி. 23 சென்ரிமீற்றர் ட்ரே என்றால் எல்லாவற்றையும் 1.3 ஆல் பெருக்குங்கள். அந்தப் பை சின்ன அவணுக்குள் போகுமா என்று முதலே வெறும் ட்ரேயை வைத்துப் பாருங்கள். அவணின் மேல் சூட்டுக் கம்பிக்கும் பையின் உச்சிக்கும் இடையில் ஐந்து விரல் இடமாவது வேண்டும்.

கறுவா பற்றி ஒரு சொல். வெளிநாட்டு ரெசிப்பிகள் பலவற்றில் சொல்வது காசியா என்ற காரமான பட்டை. நம் இலங்கைக் கறுவா மென்மையானது, வாசமும் நுட்பமானது, அதனால் கொஞ்சம் கூடப் போடலாம். பட்டையை அன்றன்றைக்கு இடித்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். கராம்பு போடுவதானால் இரண்டு மொட்டு, அதற்கு மேல் வேண்டாம். வெள்ளைச் சீனியில் 40 கிராமைக் குறைத்து அந்த இடத்துக்குப் பனங்கட்டியைச் சீவிப் போடலாம். முழுவதையும் பனங்கட்டியாக்கினால் அப்பிள் காணாமல் போய்விடும்.

இனி மா. நம் வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்து அரித்து வைத்திருக்கும் கோதுமை மாவை இதற்கு எடுக்கவே கூடாது. ஆவியில் அவியும்போது அதன் பசைத்தன்மை போய்விடும். பட்டரோடு சேர்த்து உருட்டினால் வெடித்து வெடித்து உடையும். அவிக்காத வெறும் கோதுமை மாதான் வேண்டும், பொங்கும் மாவும் ஆகாது. பட்டருக்குப் பதில் டப்பாவில் வரும், பாணுக்குப் பூசும் மாஜரின் போடுகிறவர்கள் உண்டு. அதில் கொழுப்புக் குறைவு, தண்ணீர் கூட. தகடு தகடாக வராது, இங்குள்ள வெக்கையில் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டர் 32 பாகைக்கு மேலே உருகத் தொடங்குகிறது. சித்திரை வைகாசியில் நம் குசினி மத்தியானத்தில் அந்தச் சூட்டில்தான் இருக்கும். பட்டர் உருகி மாவோடு கலந்தால் ஓடு, அதாவது வெந்த மா, தகடாகப் பிரியாது, பிஸ்கட்போல் இறுகும், அல்லது ட்ரேயில் வழுக்கி இறங்கும். எனவே மா வேலையை விடியப்புறம், வெயில் ஏறமுதல் வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவையும் பாத்திரத்தையும் அரை மணித்தியாலம் பிரீசரில் வையுங்கள். பட்டரை ஒரு சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டி அதையும் வையுங்கள். உருட்டும் மேசையில் ஐஸ் கட்டி போட்ட அகலத் தட்டைப் பத்து நிமிடம் வைத்து, எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டால் மேசையும் குளிரும். மின்விசிறியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மாவின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும்.

குழைக்கும் முறை: மா, சீனி, உப்பு கலந்து பட்டரில் பாதியைப் போட்டு விரல்நுனியால் தேய்த்து ரவைபோல் ஆக்குங்கள். இந்தப் பாதிப் பட்டர் மாவைக் கொழுப்பால் மூடிவிடுவதால் பிறகு மா அதிக தண்ணீரை இழுக்காது. மற்றப் பாதியைக் கடலை அளவுத் துண்டுகளாக அப்படியே விட்டுவிடுங்கள். தகடு பிரிவது இந்தத் துண்டுகளால். உள்ளங்கை படக் கூடாது, அதில்தான் சூடு. ஐஸ் தண்ணீரை முதலில் 80 மில்லிலீற்றர் தெளித்து முள்ளுக்கரண்டியால் புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் பிடிபட வேண்டும், உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டியாகச் சேருங்கள். மாரி காலத்தில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் 80 போதும். ரொட்டிக்குக் குழைப்பதுபோல் அடித்துப் பிசைந்தால் ஓடு தோல்போல் இழுக்கும். சேர்த்து அழுத்தி இரண்டாகப் பிரியுங்கள். அடிக்கு மூன்றில் இரண்டு, மேலுக்கு மூன்றில் ஒன்று. தட்டையாக்கிச் சுற்றி பிரிட்ஜில் ஒரு மணித்தியாலமாவது வையுங்கள். கரண்ட் வெட்டு வரும் நாளென்றால் முதல் நாளிரவே செய்து வையுங்கள், காலையில் உருட்டலாம்.

அப்பிளைத் தோல் சீவி, நடுவை நீக்கி, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான தடிப்பில் வெட்டுங்கள். மெல்லிதாகச் சீவினால் கூழ், தடிப்பானால் துண்டுகளுக்கிடையில் பொந்து. வெட்டியது பழுப்பாக மாறுவது பற்றிக் கவலைப்பட வேண்டாம், கறுவா எப்படியும் அதை மறைத்துவிடும். எவர்சில்வர்ப் பானையில் போடுங்கள், புளி சேர்வதால் அலுமினியம் வேண்டாம். சீனி, உப்பு, புளி, தோல் துருவல் எல்லாம் சேர்த்து மூடி, நடுத்தர நெருப்பிலும் குறைவாக வைத்து அடிக்கடி புரட்டுங்கள். கொதிக்கவிடக் கூடாது. பதினைந்து இருபது நிமிடத்தில் துண்டு வளையும், ஆனால் உடையாது, முள்ளுக்கரண்டி கொஞ்சம் எதிர்ப்போடு இறங்கும். அங்கே நிறுத்துங்கள்.

இந்த மெதுச் சூட்டுக்குக் காரணம் இருக்கிறது. 60 முதல் 70 பாகைவரை உள்ள சூட்டில் அப்பிளில் உள்ள ஒரு நொதியம் அதன் பெக்டினை, அதாவது சதையைப் பிடித்துவைக்கும் பசைப்பொருளை, மாற்றிவிடுகிறது. அந்தப் பெக்டின் பழத்திலேயே உள்ள கல்சியத்தோடு சேர்ந்து இறுகும். அதன் பிறகு அவணில் ஒரு மணித்தியாலம் இருந்தாலும் துண்டு கரையாது. நேரே கொதிக்கவிட்டால் அந்த நொதியம் அழிந்து, அப்பிள் சோஸ்தான் மிஞ்சும். இரண்டு முறை சூடாக்குவதால் கூழாகிவிடும் என்று பலர் பயப்படுவார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

உடனே வடிகட்டியில் கொட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்துச் சாற்றைப் பிடியுங்கள். ஒரு கப்புக்கு மேல் வரும், பழத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும். உங்கள் முதல் பையில் அடி மாவை நனைத்தது இதுதான். அதை வீசிவிடாதீர்கள், வாசமெல்லாம் அதில்தான். அடுப்பில் வைத்து அரைக் கப்பாக, அதாவது 120 மில்லிலீற்றராகச் சுண்டவிடுங்கள். சோள மாவை இரண்டு மேசைக்கரண்டி பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றி, கிண்டிக்கொண்டே ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். சோள மா கொதிநிலைக்குக் கிட்ட வந்தால்தான் முழுதாகத் தடிக்கும். ஆழமான பையின் நடு, சின்ன அவணில், அந்தச் சூட்டை எட்டுமா என்பது நிச்சயமில்லை. அடுப்பிலேயே தடிக்கவைத்துவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை. கறுவா, சாதிக்காய், பட்டர் சேர்த்து அப்பிளோடு கலந்து, அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். கைக்குக் குளிர்ந்தால் மட்டும்தான் மாவுக்குள் போகலாம். இளஞ்சூடு இருந்தாலும் அடி மாவின் பட்டர் அவணுக்குப் போகமுதலே உருகிவிடும்.

சோள மா இல்லாவிட்டால் சவ்வரிசியை மிக்ஸியில் பொடியாக அரைத்து அதே அளவு போடலாம். சாறு கண்ணாடிபோல் தெளிவாக வரும், சிலருக்கு அதுதான் கூடப் பிடிக்கும். ஒடியல் மாவைக் கூழுக்கே விட்டுவிடுங்கள்.

ட்ரே உலோகமாக இருக்கட்டும், அடி கழலும் கேக் ட்ரே கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடி, பீங்கான் பாத்திரங்கள் சூட்டை மெதுவாகத்தான் எடுக்கும். குளிர்ந்த கண்ணாடியைச் சூடான தட்டில் வைத்தால் வெடிக்கவும் கூடும். அடி மாவை 3 மில்லிமீற்றர் தடிப்பில், 34 சென்ரிமீற்றர் வட்டமாக உருட்டுங்கள். நடுவிலிருந்து வெளியே உருட்டி, ஒவ்வொரு முறையும் கால் திருப்பம் திருப்புங்கள். உருட்டும்போது மினுங்கத் தொடங்கினால் பட்டர் உருகுகிறது என்று அர்த்தம். வேலையை நிறுத்திப் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள். ட்ரேக்குள் இறக்கும்போது விளிம்பைத் தூக்கி மூலைக்குள் தளர்வாக விழவிடுங்கள். இழுத்து ஒட்டினால் வேகும்போது அது பழைய அளவுக்குச் சுருங்கி, பக்கம் கீழே வழுக்கிவிடும். பட்டர் பூசிய ட்ரேயில் இது இன்னும் மோசம், ஆகவே ட்ரேக்கு ஒன்றும் பூச வேண்டாம். இருபது நிமிடம் குளிரவிடுங்கள்.

அடியில் இரண்டு மாரி பிஸ்கட்டைப் பொடித்துத் தூவி, அப்பிளைக் கையால் அடுக்கிப் பொந்து இல்லாமல் அழுத்துங்கள். கொட்டி மட்டப்படுத்துவது போதாது. விளிம்புக்கு மேல் நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் குவிந்திருக்கலாம், இனி அது பெரிதாக இறங்காது. மேல் மாவைப் போட்டு, விளிம்பைத் தண்ணீர் தொட்டு ஒட்டி, மிச்சத்தை உள்ளே மடித்து விரலால் நெளியுங்கள். நடுவில் ஐந்து கீறல் போடுங்கள், ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் அது பக்கத்தைப் பிளந்துகொண்டு போகும். மறுபடி இருபது நிமிடம் பிரிட்ஜ். முட்டை அடித்துப் பூசினால் பளபளப்பு. சைவ வீடுகளில் பாலைப் பூசிச் சீனி தூவினால் போதும், அப்போது இது முட்டையே இல்லாத பலகாரம்.

அவணை 220 பாகைக்கு அரை மணித்தியாலம் சூடாக்குங்கள், அதன் கனமான தட்டை அடித்தட்டில் வைத்தே. பை அந்தத் தட்டின் மேல் உட்காரும்போது அடி மாவுக்கு உடனே சூடு பிடிக்கும், சாறு கசியமுதலே அது இறுகும். மேசை அவண்களின் குமிழ் சொல்லும் சூட்டை நம்ப வேண்டாம், பல சமயம் இருபது பாகை கூடக் குறைய நிற்கும். ஒரு அவண் தெர்மோமீற்றர் வாங்கி உள்ளே வைப்பது நல்ல செலவு. முதல் 25 நிமிடம் 220, பிறகு 190 இல் 30 முதல் 40 நிமிடம். மேல் கம்பி கிட்ட இருப்பதால் மேல் மா முந்திச் சிவக்கும். சிவந்ததும் பொயில் பேப்பரைத் தளர்வாக மூடுங்கள், பையை வெளியே எடுக்காதீர்கள். கேஸ் அவணில் இது நேரெதிர்: சூடு கீழிருந்து வருவதால் அடி நன்றாக வரும், மேல் வெளிறி நிற்கும். அதில் கடைசிப் பத்து நிமிடம் மேல் தட்டுக்கு மாற்றுங்கள்.

மேல் சிவந்துவிட்டது என்று எடுத்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. கீறல்களில் சாறு தடித்துக் குமிழ்விட வேண்டும், தண்ணீராகக் குமிழ்விட்டால் இன்னும் நேரம் வேண்டும். ட்ரேயை இலேசாக ஆட்டினால் பை தனியாக அசையும் நிலை வந்தால் பக்கங்களும் வெந்துவிட்டன. சந்தேகமென்றால் பத்து நிமிடம் கூட விடுங்கள். ஆழமான பை அதனால் கெடாது.

இதற்குப் பிறகும் ஓடு கடினமாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது அதிகம் பிசைந்துவிட்டீர்கள். பக்கத்தால் சாறு வழிந்தால் விளிம்பு ஒட்டவில்லை அல்லது கீறல் சிறிது. அடி மட்டும் வெளிறியிருந்தால் தட்டு போதிய அளவு சூடேறவில்லை.

வெட்டுவதற்கு ஐந்து மணித்தியாலம் பொறுக்க வேண்டும். நம் சூட்டில் பை மெதுவாகத்தான் ஆறும், சோள மாவும் பெக்டினும் ஆறிய பிறகுதான் பிடிக்கும். சுடச்சுட வெட்டினால் இவ்வளவு பாடுபட்டும் சாறு ஓடும். சூடாக வேண்டுமென்றால் ஆறியபின் வெட்டி, துண்டுகளை 160 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓடு நமத்துப்போகும். வெளியே ஒரு நாள் தாங்கும், எறும்புக்குத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். அதற்கு மேல் பிரிட்ஜில் மூன்று நாள்.